கெடு முடிந்த மறுநொடி பாய்ந்த படை: விளையாட்டில் ஒப்பந்தம் எழுதுவது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வசிக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் ஞாயிறு இரவுகளில் ஆன்லைனில் சிவிலைசேஷன் 6 என்ற, நாடு கட்டிப் படை திரட்டிச் சுற்றுச் சுற்றாக ஆடும் கணினி விளையாட்டை ஆடுகிறோம். ஓசூர் நண்பர் ஒருவரும் நானும் "60ஆம் சுற்றிலிருந்து பத்து சுற்றுக்குச் சண்டை வேண்டாம், வேறு யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதி ஒப்புக்கொண்டோம். ஒன்பதாவது சுற்றிலேயே அவருடைய வில்லாளர்களும் வாள்வீரர்களும் என் எல்லையை ஒட்டி வந்து நின்றார்கள். கெடு முடிந்ததும் தாக்கி, என் இரண்டாவது நகரத்தைப் பிடித்துவிட்டார். "எழுதியதை மீறவில்லையே" என்கிறார். இது சரியா? இனி எப்படி எழுதுவது? நடுவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் நண்பர் ஒப்பந்தத்தை மீறவில்லை. சண்டை கூடாது என்று எழுதினீர்களே தவிர, படை திரட்டக் கூடாது என்று எழுதவில்லை. கெடு எப்போது முடியும் என்று குறித்தீர்களே தவிர, முடியும்போது இருவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று குறிக்கவில்லை. முடிவு நாள் உறுதியாகத் தெரிந்த ஒப்பந்தத்தில், அந்த நாளுக்கு முந்தைய சில சுற்றுகள் அமைதிக் காலமாக இருப்பதில்லை. இரு தரப்பும் கத்தி தீட்டும் காலமாகிவிடுகின்றன. அவர் தீட்டினார், நீங்கள் தீட்டவில்லை.

ஆகவே கெடுவை எடுத்துவிட்டு, முன்னறிவிப்பை வையுங்கள். "பத்து சுற்று வரை" என்பதற்குப் பதிலாக, "எவரேனும் ஒருவர் விலகுவதாகக் குழுவில் அறிவித்து எட்டு சுற்று முடியும் வரை" என்று எழுதினால், தாக்குதல் நாளை எதிரி ஒருவரே மனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அந்த எண் எட்டா, ஐந்தா என்பதைப் பேரம் பேசி முடிவு செய்யாமல் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் எல்லை நகரத்தில் மதில் எழ 7 சுற்று ஆகும் என்று உற்பத்திப் பட்டியல் காட்டினால், அதைவிட ஒரு சுற்றாவது அதிகமாக முன்னறிவிப்பு இருக்க வேண்டும். வில்லாளரும் வாள்வீரரும் சமவெளியில் ஒரு சுற்றுக்கு இரண்டு கட்டம் நகர்வார்கள் என்பதால், எல்லையை ஒட்டி நிற்கும் படை இரண்டே சுற்றில் நகர வாசலுக்கு வந்துவிடும். இரண்டு சுற்று முன்னறிவிப்பு உங்களுக்கு எதற்கும் உதவாது.

படை நிற்கும் இடத்தையும் எழுத வேண்டும். "எல்லையிலிருந்து ஐந்து கட்டம்" என்று எழுதலாம். ஆனால் நகரம் வளர வளர எல்லையும் நகரும், நேற்று ஐந்தாவது கட்டத்தில் நின்றவர் இன்று நான்காவதில் நிற்பார், அதற்கொரு தகராறு வரும். வரைபடத்தில் ஆறோ மலைத்தொடரோ இருந்தால் அதையே வரம்பாக வையுங்கள். ஆற்றுக்கு அக்கரையா இக்கரையா என்பதில் வாதமே வராது.

சுற்றை எண்ணுவதிலும் உங்கள் வாசகம் ஓட்டைதான். 60ஆம் சுற்றிலிருந்து பத்து என்றால் 69 வரையா, 70 வரையா? கெடு வைத்தே தீர வேண்டுமென்றால், "சுற்று 69 முடியும் வரை" என்று எண்ணையே எழுதுங்கள். நீங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் நகர்த்தும் முறையில் ஆடினால், சுற்று மாறும் கணத்தில் யார் விரல் வேகமோ அவருக்கே முதல் அடி. எனவே ஒப்பந்தம் முடிந்த முதல் சுற்றில் போரை அறிவிக்க மட்டும் செய்யலாம், படையை நகர்த்துவது அடுத்த சுற்றிலிருந்துதான் என்றும் சேர்த்துவிடுங்கள். மூன்றையும் கோத்தால் வாசகம் இப்படி வரும்:

"இரு தரப்பும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை, ஆற்றைத் தாண்டிப் படை நிறுத்துவதில்லை. விலக விரும்புபவர் சுற்று எண்ணைக் குறிப்பிட்டுக் குழுவில் அறிவிக்க வேண்டும். அறிவித்த சுற்றைச் சேர்க்காமல் எட்டு சுற்று முடிந்தபின், ஒன்பதாவதில் போரை அறிவிக்கலாம், பத்தாவதில் படையை நகர்த்தலாம்."

உதவி செய்வோம் என்ற பகுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் அடுத்த சண்டைக்கு விதை. உங்கள் ஊருக்கு மேலே நிற்கும் கோட்டைமலையை முதல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை முற்றுகையிட்டது. அந்தப் போரை முடித்த 1769ஆம் ஆண்டுச் சென்னை உடன்படிக்கையில், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்று ஹைதர் அலியும் கம்பெனியும் ஒப்புக்கொண்டார்கள். விரைவிலேயே மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. ஹைதர் அதை மறக்கவில்லை. 1780இல் அவர் கம்பெனியின் கூட்டாளியான ஆற்காட்டு நவாபின் நாட்டின் மீது பாய்ந்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். "உதவி" என்று மட்டும் எழுதினால், நூறு தங்கம் அனுப்பிவிட்டு உதவினேன் என்று ஒருவர் சொல்லலாம். எத்தனை படைப்பிரிவு, எத்தனை சுற்றுக்குள், நாமே வலியச் சென்று தொடங்கிய போருக்கும் உண்டா என்ற மூன்றுக்கும் விடை எழுத முடியாவிட்டால், அந்தப் பகுதியை விட்டுவிடுவதே மேல்.

விளையாட்டே காக்கும் உறுதிமொழி எது, வாய்ச்சொல் எது என்பதையும் பிரித்துப் பாருங்கள். சிவிலைசேஷன் 6இல் நட்பு அறிவிப்பைத் திரையிலேயே செய்துகொண்டால், வழக்கமான வேகத்தில் 30 சுற்றுக்கு இருவரும் போர் அறிவிக்க முடியாது. வாட்ஸ்அப் செய்தியைவிட அது உறுதியானது. ஆனால் அதற்கும் முடிவு நாள் உண்டு என்பதால், முன்னறிவிப்பு வாசகம் அங்கேயும் தேவை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற மற்றொரு கணினி விளையாட்டில் அணிகளைப் பூட்டாமல் ஆடினால் நிலைமை வேறு: நீங்கள் அவரை நண்பர் என்று வைத்திருக்கும்போதே அவர் உங்களை எதிரி என்று மாற்றிக்கொள்ளலாம். 1959இல் விற்பனைக்கு வந்த டிப்ளமசி என்ற பலகை விளையாட்டிலோ எந்த வாக்குறுதியும் யாரையும் கட்டுப்படுத்தாது. ஏழு வல்லரசுகளும் ஆணைகளை இரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் வெளியிடும்போதுதான் யார் சொன்னது உண்மை என்று தெரியவரும்.

தங்கம் கைமாறுவதில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. "மொத்தமாக இப்போது கொடு, சுற்றுக்கு இவ்வளவு என்று திருப்பித் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு, ஒருவர் போரை அறிவித்துவிட்டால் அவருடைய தவணை அத்தோடு நின்றுவிடும்; உங்கள் மொத்தத் தொகை திரும்பாது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உங்கள் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதியையும் சேர்த்துப் பாதி நாட்டைக் கொடுத்து, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்கும் ஒப்புக்கொண்டபோது, பாக்கிக்குப் பிணையாக அவருடைய மகன்களில் இருவரைக் கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் வாங்கி வைத்துக்கொண்டார். உங்களிடம் பிணை இல்லை. ஆகவே தவணைக்குத் தவணையாகவே கொடுங்கள்.

நடுவர் தேவையில்லை என்பது என் கருத்து. ஆறு பேரில் ஒருவரை நடுவராக்கினால் அவருக்கும் அந்த ஆட்டத்தில் நாடு இருக்கும், தோற்று வெளியேறியவரை ஆக்கினால் அவருக்குப் பழைய கணக்கு இருக்கும். வாசகத்தை ஆறு பேரும் பார்க்கும் குழுவில் இடுங்கள். மீறியவருடன் மற்ற நால்வரும் 15 சுற்றுக்கு வணிகம் செய்வதில்லை என்று தண்டனையையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரப் பிரியாணி என் செலவு என்பது போன்ற ஆட்டத்துக்கு வெளியிலான கைமாற்றுகளை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டாம்; அதை அமலாக்குவது இன்னும் கடினம்.

போன நகரத்துக்காக, முன்பு சேமித்துவைத்த ஆட்டத்தை ஏற்றி மறுபடி ஆடச் சொல்லாதீர்கள். மற்ற நால்வரின் பத்து சுற்று உழைப்பும் அதோடு போய்விடும். இந்த வாசகத்தை அடுத்த ஆட்டத்தின் முதல் சுற்றுக்கு முன்பே குழுவில் இட்டு, முதல் ஒப்புதலை ஓசூர் நண்பரிடமே கேளுங்கள்.