நம்பர் கொடுத்தால் எங்கே போகிறது?

? குறுவை நடவுக்கு முன் பவர் டில்லர் விலை பார்க்கலாமென்று ஓர் இணையதளத்தில் செல்போன் நம்பர் கொடுத்தேன். அன்றிலிருந்து லோன், இன்ஷூரன்ஸ் என்று போன் ஓயவில்லை. விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி போட்டும் ஏன் நிற்கவில்லை?
- வாசகர், மன்னார்குடி

'விலையைக் காட்டு' பொத்தானுக்குப் பக்கத்தில், 'எங்கள் பங்குதாரர்கள் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கும். பல தளங்களில் அந்தக் கட்டத்தில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கும். டில்லர் விலை விசாரிப்பவருக்குக் கடனும் தேவைப்படலாம் என்பதால், டீலரைப் போலவே கடன் முகவரும் அந்த நம்பரைத் தேடுகிறார். டிஎன்டி இங்கே பலிக்காது. நீங்களே சம்மதம் கொடுத்த நிறுவனத்தை அது தடுப்பதில்லை.

எனவே சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள். தளத்தின் அடியில் 'பிரைவசி பாலிசி'யைத் திறந்தால் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் இருக்க வேண்டும். "என் நம்பரைப் பயன்படுத்தவும் பிறருக்குத் தரவும் அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதை அழித்துவிட்டு, இதுவரை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று தெரிவியுங்கள்" என எழுதுங்கள். பொருள் விற்கும் தளமென்றால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முன்பின் தெரியாத நிறுவனங்கள் அழைத்தால் 7 நாளுக்குள் 1909 என்ற புகார் எண்ணில் புகார் செய்யுங்கள். அழைத்த நம்பர், தேதி, பேசிய விஷயம் மூன்றும் கேட்பார்கள், அன்றே குறித்துவையுங்கள்.

? நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கிறோம். வாடிக்கையாளரிடம் என்னென்ன விவரம் கேட்கலாம்?
- வாசகி, கும்பகோணம்

பெயர், முகவரி, பின்கோடு, செல்போன் போதும். விளக்கு அனுப்ப ஆதாரும் பிறந்த தேதியும் எதற்கு? கையில் இல்லாத விவரம் திருடு போகாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வியாபாரிகள் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது. பணம் கட்டுவது, ஆன்லைனில் பணம் பெற்றுத் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயின் பக்கத்திலேயே முடியட்டும். போனில் கார்டின் ரகசிய எண்ணான சிவிவி கேட்டு ஆர்டர் நோட்டில் எழுதும் பழக்கம் அறவே வேண்டாம்.

சின்னக் கடைகளில் விவரம் கசிவது பெரும்பாலும் ஆர்டர் ஷீட்டிலிருந்துதான். பேக்கிங் செய்பவரும் பார்க்கட்டுமென்று கூகுள் ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிடுகிறார்கள். அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால் அத்தனை வீட்டு முகவரியும் வெளியே. குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் திறக்கும்படி இன்றே மாற்றுங்கள். வேலையை விட்டுப் போனவரை அன்றே நீக்குங்கள். கூரியருக்கு அன்றைய பார்சல்களின் முகவரி மட்டும் போகட்டும்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பில்களை வைத்திருக்க வேண்டும். பில்லில் இல்லாத மற்ற விவரங்களை, டெலிவரியும் ரிட்டர்ன் கெடுவும் முடிந்ததும் அழித்துவிடலாம்.

2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வாடிக்கையாளருக்கான அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். எதைக் கேட்கிறோம், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்போம், நீக்கச் சொல்ல யாரை அழைப்பது என்ற நான்கையும் ஆர்டர் படிவத்துக்கு மேலேயே போடுங்கள்.