அவுட்பேக்கில் கங்காரு கண்ணில் பட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். ஜூலை பள்ளி விடுமுறையில் ஐந்து இரவுகள் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலமான அவுட்பேக்கில் உலுரு என்ற பெரும் பாறை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர் பக்கம் போகத் திட்டம். நாங்கள் இருவர், எட்டு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அம்மா. இருவருக்கும் 65 தாண்டிவிட்டது, மெதுவாக நடப்பார்கள். சாதாரண வாடகைக் கார் போதுமா, ஃபோர் வீல் டிரைவ் எடுக்க வேண்டுமா? போய்வந்த நண்பர்கள், "பாறையைப் பார்த்தோம், ஒரு கங்காருகூடக் கண்ணில் படவில்லை" என்கிறார்கள். மகள் வருவதே கங்காருவுக்காகத்தான். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மைதான். உலுருவைச் சுற்றி இருப்பது மணல்மேடும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லும். முனை குத்துகிற, சிலிக்கா ஏறிய அந்தப் புல்லில் கங்காருவுக்குப் பெரிதாகத் தீனி கிடையாது. செங்கங்காருவுக்கு வேண்டியது மழைக்குப் பின் இளம்புல் முளைக்கிற சமவெளியும், பகலில் படுத்துக்கொள்ள முல்கா மர நிழலும். அது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம்தான் அதிகம். பலர் பாறைக்கே அதிக இரவுகளை ஒதுக்கிக் கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் ஆலிஸில் மூன்று, உலுருவில் இரண்டு என்று மாற்றிப் போடுங்கள். மெல்பர்னிலிருந்து ஆலிஸுக்குப் பறந்து, அங்கே கார் எடுத்து, கடைசியில் உலுரு விமான நிலையத்திலிருந்து திரும்புவது வசதி. காரை எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். திரும்பி 450 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு அது பரவாயில்லை.

இடத்தைவிட நேரம்தான் பெரிய விஷயம். பாலைவன விலங்குகளில் பெரும்பாலானவை விடியற்காலையிலும் அந்தியிலும் இரவிலும்தான் நடமாடும். சுற்றுலாப் பயணி காலை பத்து மணிக்குக் காரைக் கிளப்பி நான்கு மணிக்கு அறைக்குத் திரும்பினால், விலங்குகள் தூங்குகிற நேரம் முழுவதும் இவர் வெளியே இருந்திருக்கிறார் என்று அர்த்தம். சரி, அந்தியில் காரை எடுத்துக்கொண்டு தேடலாமா என்றால், கூடவே கூடாது. கார் விபத்துக்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் கங்காரு மட்டுமல்ல, மாடும் ஒட்டகமும் ரோட்டுக்கு வரும். இருட்டில் ஒரு கறுப்பு மாடு ஹெட்லைட்டில் தெரிகிறபோது பிரேக் போட இடம் இருக்காது. ஊர் எல்லையைத் தாண்டி இரவில் ஓட்டி விலங்கின் மேல் மோதினால் காப்பீடு கிடையாது என்று பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அதனால் விலங்கு நடமாடும் நேரத்தில் கார் நிற்க வேண்டும், நீங்கள் நடக்க வேண்டும், அல்லது உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்கு ஆலிஸிலிருந்து 18 கிலோமீட்டரில் இருக்கும் சிம்ப்சன்ஸ் கேப்பைப் போன்ற இடம் வேறு இல்லை. மெக்டானல் மலைத்தொடரை ஓர் ஆறு அறுத்துக்கொண்டு போன இடைவெளி அது. ஆற்றில் பெரும்பாலும் வெறும் மணல்தான், மலை இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து சமதளமான சிறு நடை, அப்பா அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. பாறை உருண்டு குவிந்து கிடக்கும் சரிவைப் பார்த்தபடி உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் ஒரு பாறை இடுக்கிலிருந்து வால் ஒன்று தொங்குவது தெரியும், நுனி சற்றே புசுபுசுவென்று கறுத்திருக்கும். அதுதான் கருங்கால் பாறை வாலபி. கங்காரு இனம்தான், உருவம் சிறியது. கன்னத்தில் வெளிறிய கோடு இருக்கும். பாதத்தின் அடிப்பகுதி சொரசொரப்பாக இருப்பதால் செங்குத்தான பாறையிலும் வழுக்காமல் தாவும். ஒன்றைப் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும், அதே சரிவில் அடுத்தடுத்து அகப்படும். ஜூலை அங்கே குளிர்காலம், காலை வெயில் விழும் பாறைக்கு இவை குளிர்காய வரும் என்பது உங்களுக்கு அனுகூலம். சூரியன் எழும்போது ஏழே கால் ஆகியிருக்கும். நன்றாக விடிந்த பிறகு கிளம்பினாலே போதும், இருட்டில் ஓட்ட வேண்டாம். மகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். போன் கேமராவில் அது பழுப்புப் பாறையில் பழுப்புப் புள்ளியாகத்தான் விழும்.

செங்கங்காருவை நிச்சயமாகப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், தாயை இழந்த குட்டிகளை வளர்க்கும் சரணாலயம் ஒன்று ஆலிஸில் இருக்கிறது. மாலை வேளையில் வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள், முன்பதிவு தேவை. ரோட்டில் அடிபட்ட தாயின் பையிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்ட குட்டிகள்தான் அங்கே நிறைய. 'இது காட்டில் பார்த்ததாகுமா' என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு பகலை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டெசர்ட் பார்க்குக்கு ஒதுக்குங்கள். அங்கே இரவு விலங்குகளுக்கான கூடத்தில் பகலையும் இரவையும் மாற்றி வைத்திருக்கிறார்கள், நீங்கள் போகும் பகலில் உள்ளே நிலா வெளிச்சம். நீளக் காது கொண்ட பில்பி என்ற சின்ன விலங்கு மண்ணைத் தோண்டுவதைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். ஈஸ்டருக்குக் கடைகளில் சாக்லேட் பில்பி வருமே, அதன் அசல். காட்டில் அதைப் பார்ப்பது அநேகமாக நடக்காத காரியம். வெள்ளையர் கொண்டுவந்த பூனையும் நரியும் இந்தச் சின்ன விலங்குகளைத் தின்றே தீர்த்தன. மாலா என்ற சிறு வாலபி உலுருவிலிருந்து முற்றாக மறைந்து, 2005-ல் பூனை நுழைய முடியாத வேலிக்குள் மறுபடி கொண்டுவந்து விடப்பட்டது.

ஜூலையில் கிடைக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல்லி, ஓணான் வகைகள் குளிரில் பெரும்பாலும் வெளியே வராது. உடம்பெல்லாம் முள்ளாக, எறும்பை மட்டுமே தின்று, ஈர மணலில் நின்றால் தோலில் உள்ள நுண்ணிய பள்ளங்கள் வழியாகவே தண்ணீரை வாய்க்கு இழுக்கும் தார்னி டெவில் என்ற ஓணானை ரோட்டோரத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஆலிஸ் ஊர் நடுவே உள்ள ஊர்வன மையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஈடாக ஈத்தொல்லை குறைவு, பாம்பு பயமும் குறைவு. கோடையில் போய் முகத்தில் வலை மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னொரு நாளை மேற்கு மெக்டானல் மலைப்பகுதிக்கு வையுங்கள். ஸ்டான்ட்லி கேசம் என்ற குறுகிய மலைப் பிளவில் நடுப்பகல் வெயில் நேராகக் கீழே இறங்கும்போது இரு பக்கச் சுவரும் சிவந்து எரியும், ஆகவே பதினொன்றரைக்கு அங்கே இருங்கள். அங்கிருந்து ஆர்மிஸ்டன் கார்ஜ் என்ற மலை இடுக்குக்குப் போய், மூன்று மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்பிவிட வேண்டும். தண்ணீர் எங்கே என்று பறவைகளே காட்டிக்கொடுக்கும். தானியம் தின்னும் ஸீப்ரா ஃபிஞ்ச் குருவிக்கும் பட்ஜரிகருக்கும் அடிக்கடி குடித்தாக வேண்டும், அதனால் குருவிக் கூட்டம் மொய்க்கும் இடத்தருகே நீர் இருக்கும். இந்த மாநிலமான நார்தர்ன் டெரிட்டரிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரசுப் பூங்காக்களில் நுழைய டெரிட்டரி பார்க்ஸ் பாஸ் என்ற சீட்டு வேண்டும், இணையத்தில் வாங்கலாம். உலுருவுக்கு அது செல்லாது. அதற்குத் தனிச் சீட்டு, பெரியவர்களுக்கு 38 டாலர், மூன்று நாள் செல்லும். 18 வயதுக்குக் கீழே இலவசம்.

இனி கார். நான் சொன்ன இடங்களுக்கெல்லாம் தார் ரோடு உண்டு, ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. ஐந்து பேரும் பெட்டிகளும் என்பதால் மட்டும் கொஞ்சம் பெரிய வண்டியாக எடுங்கள். பாம் வேலி, மெரினி லூப் இரண்டும் மண் ரோடு. யாராவது ஆசை காட்டினாலும் இந்தப் பயணத்தில் வேண்டாம். கிங்ஸ் கேன்யனையும் விட்டுவிடச் சொல்வேன். மேல் விளிம்பு நடை தொடங்குவதே செங்குத்தான படியேற்றத்தில், அப்பா அம்மா கீழே காத்திருக்க வேண்டிவரும், ஐந்து இரவில் அதையும் திணித்தால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

ஆலிஸிலிருந்து உலுருவுக்குப் போகும் நாளில் காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். சுமார் 200 கிலோமீட்டரில் எர்ல்டண்டா வரும், பெட்ரோல் நிரப்பி வலப்பக்கம் திரும்ப வேண்டும். பம்பில் 'ஓப்பல்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பெட்ரோலை மோந்து போதையேற்றும் பழக்கத்தைத் தடுக்க இந்தப் பகுதிகளில் விற்கும் எரிபொருள் அது, சாதாரண அன்லெடட் போடும் வண்டிக்கு ஒத்துவரும். வழியில் தட்டை உச்சியோடு ஒரு மலை தெரிந்ததும் காரில் எல்லோரும் "உலுரு!" என்று கத்துவீர்கள். அது மவுண்ட் கானர். அதன் பார்வையிடத்துக்கு எதிரே உள்ள மணல்மேட்டில் ஏறினால் மறுபக்கம் உப்பு ஏரி ஒன்று வெள்ளையாக விரிந்து கிடக்கும். நிறையப் பேர் ரோட்டைத் தாண்டிப் பார்ப்பதே இல்லை.

ஆலிஸிலிருந்து எர்ல்டண்டா வரை போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. 110-ஐத் தாண்ட அவசியமில்லை. பல டிரெயிலர்களைக் கோத்து இழுக்கும் ரோட் டிரெயின் லாரிகள் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும், எதிரே ரொம்ப தூரம் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் கங்காருவின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். வெட்ஜ் டெய்ல் கழுகின் சிறகு விரிப்பு இரண்டு மீட்டருக்கு மேல். வயிறு நிறையத் தின்றது சட்டென்று எழும்பாது, எழும்பினால் கண்ணாடிக்கு நேரே வரலாம். விலங்கு குறுக்கே வந்தால் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள், வண்டி உருளும். ஊர்களுக்கு நடுவே போன் சிக்னல் கிடைக்காது, கிடைக்கிற இடத்திலும் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிக்னல்தான். வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், காரில் இருபது லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள், யாராவது வருவார்கள்.

உலுருவில் பாறையைச் சுற்றும் முழு நடை 10.6 கிலோமீட்டர், பெரியவர்களுக்கு வேண்டாம். முட்டிஜுலு நீர்க்குழிக்குப் போய்வர ஒரு கிலோமீட்டர், மாலா நடை இரண்டு கிலோமீட்டர், இரண்டும் சமதளம், பாறையைத் தொடும் தூரத்தில். ஏறுவதைப் பற்றிப் பழைய குறிப்புகளில் படித்தால் மறந்துவிடுங்கள். நிலத்தின் உரிமையாளர்களான அனங்கு மக்களுக்கு அது புனித இடம், 2019 அக்டோபர் 26 முதல் ஏறத் தடை. படம் எடுக்கக் கூடாத பகுதிகளில் பலகை வைத்திருப்பார்கள். பக்கத்தில் உள்ள கட்டா ஜுட்டா பாறைக் குன்றுகளில் வால்ப்பா கார்ஜ் என்ற இடுக்குக்குப் போய்வர 2.6 கிலோமீட்டர், தரை கொஞ்சம் கரடுமுரடு, அப்பாவுக்கு ஒரு கைத்தடி இருந்தால் நல்லது.

இங்கே மகளுக்கு வேறொரு வேடிக்கை இருக்கிறது. நீங்கள் தங்கப்போகும் யுலாரா ஊரிலேயே மணல்மேடுகள் உண்டு. காலையில் காற்று எழுவதற்கு முன் போனால், இரவில் வந்துபோனவர்களின் கணக்கு முழுக்கச் சிவப்பு மணலில் எழுதியிருக்கும். வண்டு போன தடம் தையல் போட்டதுபோல் நேராக ஓடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு குழி, ஒரு தாவல் இடைவெளி, மறுபடி இரண்டு குழி என்றால் தாவும் எலி. தண்ணீரே குடிக்காமல், தின்னும் விதையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டு வாழும் பிராணி அது. கங்காரு மெதுவாக நகர்ந்திருந்தால் இரண்டு நீளப் பாதங்களுக்கு நடுவே வால் ஊன்றிய கோடும் விழும், ஏனென்றால் மெதுவாக நடக்கும்போது அது வாலையும் ஒரு காலாகப் பயன்படுத்துகிறது. நாய்த் தடம் தெரிந்தால் டிங்கோ என்ற காட்டு நாயாக இருக்கலாம். சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், அதற்குத் தீனி போடாதீர்கள், மகளைத் தனியே அனுப்பாதீர்கள். 1980-ல் இதே பாறையடி முகாமிலிருந்து கைக்குழந்தை ஒன்றை டிங்கோ தூக்கிப்போனது.

பகலில் 20 டிகிரி இருக்கும், விடியலில் சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அப்பா அம்மாவுக்குத் தெர்மல் உள்ளாடை, குல்லா, கையுறை கட்டாயம். அவர்களுடைய பயணக் காப்பீட்டில் அவசர சிகிச்சைக்கு விமானத்தில் தூக்கிப்போகும் செலவு அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுலாராவில் சிறு மருத்துவ நிலையம்தான், பெரிய ஆஸ்பத்திரி ஆலிஸில்.

முன்பதிவில் முதலில் யுலாரா அறை, ஏனென்றால் பாறைக்குப் பக்கத்தில் தங்க வேறு ஊர் கிடையாது, ஜூலையில் சீக்கிரம் நிரம்பும். அப்புறம் கார். சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு உலுருவிலிருந்து யுலாராவுக்கு 20 கிலோமீட்டர் இருட்டில் வருவதற்குக் காப்பீடு உண்டா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால் அன்று மாலை மட்டும் யுலாராவிலிருந்து போகும் பேருந்தில் ஐந்து சீட்டு வாங்கிவிடுங்கள்.