கான்கிரீட் போட்ட பிறகு கையெழுத்துக் கேட்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டையில், அனுமதி பெற்ற கட்டமைப்பு வரைபடத்தின்படி நகர மன்றம் கூரையுள்ள நடைபாதை கட்டுகிறது. ஆலோசனை நிறுவனத்தின் சார்பில் நான் அங்கே ஆர்டிஓவாக, அதாவது வேலையைத் தளத்திலிருந்து மேற்பார்வையிடும் தொழில்நுட்ப அதிகாரியாக, இருக்கிறேன். சனிக்கிழமை மாலை நான் கிளம்பிய பிறகு, மழை வரப்போகிறது என்று சொல்லி மூன்று அடித்தளங்களுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கம்பி ஆய்வுப் படிவத்தில் சனிக்கிழமைத் தேதியிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் ஒப்பந்ததாரரின் சைட் மேனேஜர். படங்கள் இருக்கின்றனவாம். தளத்தில் எனக்கு மேலுள்ள ரெசிடென்ட் என்ஜினியரோ "பார்த்துச் செய்" என்கிறார். மறுக்க எனக்கு அதிகாரம் உண்டா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அதிகாரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்; சட்டம் முதலில் உங்கள் கடமையைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் கடமையே உங்களுக்கு வேண்டிய அதிகாரத்தையும் தந்துவிடுகிறது.

அனுமதி பெற்ற கட்டமைப்பு வரைபடத்தின்படி நடக்கும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை மேற்பார்வையிடும் பொறுப்பு கியூபி எனப்படும் தகுதிபெற்ற பொறியாளருடையது. அவர் எந்நேரமும் தளத்தில் நிற்க முடியாது. அதனால்தான் கான்கிரீட் போடுவது, பைலிங் (மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்குவது) போன்ற முக்கியமான கட்டமைப்பு வேலைகளை நேரில் நின்று கவனிக்கத் தள மேற்பார்வையாளர்களைச் சட்டம் கேட்கிறது. ரெசிடென்ட் என்ஜினியரும் நீங்களும் அந்த இடத்தில் இருப்பவர்கள். வேலை வரைபடத்தின்படி நடக்கிறதா என்று உறுதிசெய்ய, நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுக்க வேண்டியது உங்கள் சட்டக் கடமை. வேலையைச் செய்துமுடிப்பது ஒப்பந்ததாரரின் கடமை. நகர மன்றம் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. உங்கள் கையெழுத்தை நம்பித்தான் அந்த மக்கள் நாளை அந்தக் கூரையின் கீழ் நடக்கப் போகிறார்கள்.

"படம் இருக்கிறதே" என்ற வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பல தளங்களில் இதே வாதத்தைக் கேட்டிருக்கிறேன். அடித்தளத்தில் பாரம் மேலிருந்து இறங்க, மண் கீழிருந்து எதிர்த்து அழுத்துகிறது. ஆகவே இழுவிசையைத் தாங்குவது அடிப்பக்கத்துக் கம்பிகள். கம்பி எந்தத் தடிமன், எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, அடியில் கவர் பிளாக் எனும் சிறு கட்டைகளை வைத்துத் தூக்கினார்களா, இல்லை சேற்றிலேயே கிடத்திவிட்டார்களா என்பதெல்லாம் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. கான்கிரீட் இறுகிய பிறகு, உள்ளிருக்கும் கம்பியைக் கண்டறியும் கவர் மீட்டர் கருவியை மேலே வைத்தால், மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் கம்பியை அது காட்டும். அரை மீட்டருக்குக் கீழே இருப்பதைக் காட்டாது. கம்பியைவிட மோசம் மண். குழியின் அடிமட்டம் கெட்டியாக இருந்ததா, மழைநீர் தேங்கிக் குழைந்திருந்ததா என்பதை எந்தப் படமும் சொல்லாது. குழியில் இறங்கிக் காலை ஊன்றிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். மேற்பார்வை வேலையின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது: மறையப்போகும் ஒன்றை, மறைவதற்கு முன் பார்ப்பது. மற்றதையெல்லாம் பிறகும் பார்த்துக்கொள்ளலாம்.

சிறிய நடைபாதைதானே என்று தோன்றலாம். பெரிய விபத்துகளும் இப்படித்தான், கண்ணெதிரே தெரிந்த ஒன்றைத் தாண்டிப் போனதில் முற்றின. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். மண்ணைத் தாங்கிய எஃகு அமைப்பு வளைவதை அன்று காலையே தளத்தில் பார்த்திருந்தார்கள், சரிந்தது பிற்பகலில். 2017 ஜூலை 14 அதிகாலை அப்பர் சாங்கி ரோடு ஈஸ்ட் அருகே, கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி கான்கிரீட் போடும்போதே விழுந்தது. ஒருவர் இறந்தார், பத்துப் பேர் காயமடைந்தார்கள். அங்கும் தாங்கு பகுதிகளில் விரிசல்கள் முன்பே தென்பட்டிருந்தன.

இனி, இன்றே செய்ய வேண்டியவை. முதலில் சைட் டைரியில் எழுதுங்கள்: சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தளத்தை விட்டுக் கிளம்பினீர்கள், அப்போது அந்த மூன்று குழிகளும் எந்த நிலையில் இருந்தன, திரும்பி வந்தபோது என்ன கண்டீர்கள். இன்றைய தேதியைப் போடுங்கள். யாரையும் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட வேண்டாம். பிறகு ரெசிடென்ட் என்ஜினியருக்கு ஒரு மின்னஞ்சல், கியூபிக்கு அதன் நகல். நான்கு வரி போதும்: "இந்த மூன்று அடித்தளங்களின் கம்பியையும் குழியின் அடிமட்டத்தையும் கான்கிரீட்டுக்கு முன் நான் ஆய்வு செய்யவில்லை. ஒப்பந்ததாரர் தந்த படங்களை இணைத்திருக்கிறேன். உங்கள் முடிவு தெரியும்வரை இவற்றின் மேல் தூண் வேலை தொடங்க வேண்டாம் என்று ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். இவற்றுக்கான ஆய்வுப் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை."

ரெசிடென்ட் என்ஜினியர் கோபித்துக்கொள்ளலாம். "பார்த்துச் செய்" என்ற வாய்ச்சொல்லுக்கு நாளை எந்தச் சாட்சியும் இருக்காது. உங்கள் கையெழுத்துக்கு இருக்கும். மின்னஞ்சல் போன பிறகு அவரே உங்கள் பக்கம் வந்து நிற்கவும் கூடும். பலருக்குத் தேவைப்படுவது எழுத்தில் வந்த ஒரு காரணம்தான். அதை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள்.

அடுத்து ஆதாரம் திரட்டுங்கள். ஆலையில் கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவந்த ரெடிமிக்ஸ் லாரி தந்த ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். எந்த கிரேடு (வலிமைத் தரம்), ஆலையில் எப்போது கலந்தது, தளத்தில் எப்போது கொட்டியது என்பவை அதில் இருக்கும். ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) பார்த்தார்களா, வலிமைச் சோதனைக்கு 150 மி.மீ. கியூப் (கனசதுர மாதிரி) எடுத்தார்களா, எடுத்திருந்தால் அவை எங்கே என்று கேளுங்கள். கியூப் இருந்தால் இன்றே அடையாளமிட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கம்பி கட்டியவர்களிடமும் பேசுங்கள். புதுக்கோட்டையிலிருந்தோ அரியலூரிலிருந்தோ வந்த தம்பிகள் அங்கே இருப்பார்கள். மேனேஜர் ஆங்கிலத்தில் சொல்லாத விவரம் தேநீர் இடைவேளையில் தமிழில் வந்துவிடும்: "குழியில் தண்ணீர் நின்றது அண்ணே, பம்ப் வர நேரமாகிவிட்டது." அதைக் கேட்டால் உங்கள் குறிப்பில் எழுதுங்கள், ஆனால் அந்தத் தம்பியின் பெயரை எழுதாதீர்கள். அவருடைய வேலை அனுமதி அவருடைய முதலாளியின் கையில் இருக்கிறது. அவருக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது.

அடித்தளங்களை என்ன செய்வது என்பது கியூபியின் முடிவு. அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் தோண்டி, விளிம்பைச் சிறிது கொத்தி அடிக்கம்பியைப் பார்க்கச் சொல்லலாம். கியூப் இல்லையென்றால், இறுகிய கான்கிரீட்டைத் துளைத்து கோர் எனும் உருளை மாதிரி எடுத்து வலிமையைச் சோதிக்கச் சொல்லலாம். அருகிலுள்ள மண்ணை ஆய்வுக் கம்பியால் குத்திப் பார்க்கச் சொல்லலாம். எதிலும் மனம் நிறையாவிட்டால் இடித்துவிட்டு மறுபடி போடச் சொல்லலாம். மூன்று சிறிய அடித்தளங்களைப் பொறுத்தவரை, இடிப்பதே மலிவு என்று ஒப்பந்ததாரரே சொல்லக்கூடும். சட்டம் மீறப்பட்டிருந்தால் அதைக் கட்டடக் கட்டுப்பாட்டு ஆணையரிடம் தெரிவிக்கும் கடமையும் கியூபிக்கு உண்டு. உங்கள் மின்னஞ்சல் அவரைச் சென்றடைந்தாக வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிவு வரும்வரை இந்த மூன்று அடித்தளங்களையும் ஒப்பந்ததாரரின் மாதப் பணக் கோரிக்கையில் முடிந்த வேலையாக நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. அளவு சரிபார்ப்பதும் உங்கள் மேற்பார்வையில் அடங்கும்.

அடுத்த கான்கிரீட்டுக்கு முன் சைட் மேனேஜருடன் உட்கார்ந்து ஒரு நடைமுறையை எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். முந்தைய நாளே ஆய்வுக் கோரிக்கை வர வேண்டும். நீங்கள் குழியைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ரெடிமிக்ஸ் ஆலைக்குத் தொலைபேசி போக வேண்டும். சனிக்கிழமை மாலை வேலை இருந்தால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மழை மிரட்டினால் குழியைத் தார்ப்பாயால் மூடலாம். குழிக்குள் நீர் இறங்கிவிட்டால் அதை இறைத்து, குழைந்த மண்ணை வாரி எடுத்து, மறுபடி உங்களைக் கூப்பிட வேண்டும். அவரும் நேர நெருக்கடியில் இருப்பவர்தான். எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிக்கு வந்து நிற்பீர்கள் என்பதை நீங்களும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.