கணித ஆய்வுக் கட்டுரையை முதன்முதலாக ஜர்னலுக்கு அனுப்புவது எப்படி?

எண் கோட்பாட்டில் பிஎச்டி செய்கிறீர்கள், ஒரு முடிவு கைக்கு வந்துவிட்டது, கைடு "எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டார், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே துறையில்தான் இருக்கிறேன். கட்டுரை அனுப்பிவிட்டுக் காத்திருந்த அனுபவமும் உண்டு, மற்றவர்கள் கட்டுரையை ரெஃபரியாக, அதாவது ஜர்னலுக்காகச் சரிபார்த்துக் கருத்துச் சொல்பவராக, படித்த அனுபவமும் உண்டு. இங்கே சொல்வதில் பெரும்பகுதி இரண்டாவதிலிருந்து கற்றது.

கணித ஜர்னல்களில் ரெஃபரிக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. அவருக்கும் வகுப்பு, விடைத்தாள், சொந்த ஆராய்ச்சி எல்லாம் இருக்கும். கட்டுரை வந்ததும் நான் சுருக்கத்தையும் முன்னுரையையும் படிப்பேன், அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போய் மேற்கோள் பட்டியலைப் பார்ப்பேன். நிரூபணத்துக்குள் நுழைவது அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரிந்த பலரும் அப்படித்தான். ஆகவே முன்னுரையில் உழைப்பைக் கொட்டுங்கள். தேற்றத்தை நிரூபிக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டவர் முன்னுரையை ஒரே ராத்திரியில் எழுதி முடிப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் முடிவு எண் பிரிவினைகள் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். "எண் கோட்பாடு கணிதத்தின் மிகப் பழமையான, அழகான கிளை" என்று தொடங்காதீர்கள். அந்த ஜர்னலைப் படிப்பவருக்கு அது தெரியும். நேரே விஷயத்துக்கு வாருங்கள். பிரிவினை என்பது ஓர் எண்ணை, வரிசையைப் பொருட்படுத்தாமல், மிகை முழு எண்களின் கூட்டலாக எழுதுவது: 4-ஐ 5 விதத்தில் எழுதலாம், 9-ஐ 30 விதத்தில், 14-ஐ 135 விதத்தில். ஐந்தால் வகுத்தால் 4 மீதி வரும் எந்த எண்ணுக்கும் பிரிவினைகளின் எண்ணிக்கை ஐந்தின் மடங்காகவே இருக்கும் என்று 1919-இல் ராமானுஜன் நிரூபித்தார். அடுத்த வரியிலேயே உங்கள் கேள்வி வரட்டும்: கூட்டலில் வரும் எந்த எண்ணும் 3-ஆல் வகுபடக் கூடாது என்று நிபந்தனை போட்டால் என்ன ஆகும்? இதுவரை யார் எதுவரை போயிருக்கிறார்கள், நீங்கள் எங்கிருந்து தொடர்கிறீர்கள்? முதல் இரண்டு பக்கத்துக்குள் பிரதானத் தேற்றம் எல்லா நிபந்தனைகளோடும் முழுசாக வந்துவிட வேண்டும். அதன் கீழே ஒரு பத்தியில், பழைய முறை இங்கே ஏன் போதவில்லை, உங்கள் நிரூபணத்தில் எது புதிது என்று சொல்லுங்கள். ரெஃபரி எடிட்டருக்கு எழுதும் அறிக்கையின் முதல் பத்திக்கு இதுதான் மூலப்பொருள்.

நிரூபணத்தைப் பொறுத்தவரை, "எளிதில் காணலாம்" என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, பேப்பரும் பேனாவும் எடுத்து முழுதாகப் போட்டுப் பாருங்கள். பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு: முடிவிலிக் கூட்டல்களின் வரிசையைக் காரணம் சொல்லாமல் மாற்றுவது, மதிப்பீட்டில் வரும் மாறிலி எதைச் சார்ந்தது என்று சொல்லாமல் விடுவது. தேற்றம் எண்ணிக்கை பற்றியது என்றால் சிறிய எண்களுக்கு ஓர் அட்டவணை கொடுங்கள். நான் முதல் வேலையாகத் தேற்றத்தைச் சிறிய எண்களுக்குக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். நீங்களும் அனுப்புவதற்கு முன்பு செய்துவிடுங்கள். பாரி, சேஜ் என்ற கணித மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

திருத்தி எழுதும் தொல்லையிலிருந்து ராமானுஜனும் தப்பவில்லை. பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் ஜர்னலில் வந்தது. எழுத்தில் தெளிவு போதாது, சாதாரண வாசகரால் தொடர்ந்து வர முடியாது என்று கருதிய அந்த ஜர்னலின் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் கைப்பிரதியைத் திருத்தத்துக்காகத் திரும்பத் திரும்ப அனுப்பினார். அந்தப் பொறுமையான ஆசிரியர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தட்டச்சு, கணிதக் கட்டுரைகளை வடிவமைக்கும் மென்பொருளான லேடெக்கில்தான். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ஏஎம்எஸ்ஆர்ட் வடிவம் முதல் சமர்ப்பிப்புக்குப் பெரும்பாலும் போதும்; ஜர்னலின் சொந்த வடிவத்துக்கு மாற்றுவதைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேற்ற எண், சமன்பாட்டு எண் எதையும் கையால் தட்டாதீர்கள், லேடெக்கே போடட்டும். கட்டுரை கணிதத்தின் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று காட்டும் பாடவகை எண்ணும் கேட்பார்கள். 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் 11 என்று தொடங்குவது எண் கோட்பாடு, 05 சேர்வியல். உங்கள் கட்டுரை எந்த எடிட்டர் கைக்குப் போகும் என்பதை இந்த எண் பல இடங்களில் தீர்மானிக்கிறது, அலட்சியமாகப் போடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், அடுத்ததில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்து என்று போட்டால், மேத்சைநெட் போன்ற கணிதக் கட்டுரைப் பட்டியல்களில் ஒரே ஆள் மூன்று பேராக நிற்க நேரும். இன்றே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண்ணும் வாங்கிவிடுங்கள். கூட்டாக எழுதினால் கணிதத்தில் கட்டுரையை எழுதியவர்களின் பெயர்கள் அகரவரிசையில்தான் வருவது வழக்கம். முதல் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. பிற துறையினர் உட்கார்ந்திருக்கும் நேர்காணலில் இதை விளக்க வேண்டிவரும். அமெரிக்கக் கணிதச் சங்கம் இதைப் பற்றி 2004-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே அனுப்புவது? நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகள் எந்த ஜர்னல்களில் வந்தன என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. பிறகு அந்த ஜர்னலின் ஆசிரியர் குழுவில் உங்கள் விஷயம் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பிரிவினைகள் என்றால் கிருஷ்ணசாமி அல்லாடி 1997-இல் தொடங்கிய ராமானுஜன் ஜர்னல் இருக்கிறது, இன்டீஜர்ஸ் என்ற ஜர்னல் இருக்கிறது. ஆர். பாலசுப்பிரமணியனும் கே. ராமச்சந்திராவும் 1978-இல் தொடங்கிய ஹார்டி-ராமானுஜன் ஜர்னலில் எழுதுபவருக்கும் கட்டணமில்லை, படிப்பவருக்கும் கட்டணமில்லை.

"பத்து நாளில் வெளியீடு உறுதி" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். பத்து நாளில் ஒரு நிரூபணத்தை யாரும் ஒழுங்காகச் சரிபார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் கணித ஜர்னல்களைப் பட்டியலிடும் இசட்பிமேத் தளத்தில் அந்த ஜர்னலைத் தேடுங்கள். 2021-இலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். யுஜிசி, தான் ஏற்கும் ஜர்னல்களைச் சொல்லும் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், ஜர்னலை எடைபோடும் பொறுப்பு இப்போது நம் தலையில்தான். பெரிய பதிப்பகங்களின் ஜர்னல்களில் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதற்கு, பணம் கேட்கும் படிவம் வரும். சந்தா முறையில் வெளியாகட்டும் என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஒரு பைசா செலவில்லை. இது தெரியாமல் உதவித்தொகையிலிருந்து கட்டணம் கட்டும் மாணவர்களை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

ஜர்னலுக்கு அனுப்பும் அன்றோ அதற்குச் சற்று முன்போ, கட்டுரைகளின் முன்பிரதிகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றிவிடுங்கள். கணித ஜர்னல்களில் கிட்டத்தட்ட எல்லாமே இதை அனுமதிக்கின்றன. புதியவர் என்றால் ஏற்கெனவே அங்கே எழுதியிருப்பவர் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், கைடிடம் கேளுங்கள். அங்கே லேடெக் மூலக்கோப்பையே கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சதவீதக் குறி போட்டு மறைத்து வைத்திருக்கும் வரிகள், கைடுக்கு எழுதிய குறிப்புகள் எல்லாம் உலகத்துக்கே தெரியும். அவற்றை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஒரே சமயத்தில் ஒரு ஜர்னலுக்கு மட்டும்தான் அனுப்பலாம், இதில் விதிவிலக்கு இல்லை. அனுப்பியபின் மாதக் கணக்கில் பதில் வராது. அபூர்வமாக வேகமாகவும் நடக்கும்: பகா எண் இடைவெளிகள் பற்றி யிடாங் ஜாங் 2013 ஏப்ரலில் அனுப்பிய கட்டுரையை, கணிதத்தின் மிக உயர்ந்த ஜர்னல்களில் ஒன்றான ஆனல்ஸ் மே மாதமே ஏற்றுக்கொண்டது. மறுபக்கம், ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்பது பற்றிய கெப்ளர் ஊகத்தை நிரூபித்துத் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் முடித்த வேலை அதே ஆனல்ஸில் அச்சேறியது 2005-இல். நம்மைப் போன்றவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் சகஜம். ஆறு மாதம் கழித்து, நிலை என்ன என்று இரண்டு வரியில் மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. அதுவரை அடுத்த கணக்கில் உட்காருங்கள்.

திருத்தம் கேட்டு அறிக்கை வந்தால், ரெஃபரியின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே "பக்கம் 7-இல் இந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்" என்று பதில் எழுதுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள். அவருக்குப் புரியாதது அடுத்தவருக்கும் புரியாது. நிராகரிப்பு வந்தால், அன்று மாலையே அதே கோப்பை வேறு ஜர்னலுக்குத் தள்ளிவிடாதீர்கள். நம்முடையது சின்ன உலகம். அடுத்த ஜர்னலும் அதே ரெஃபரியிடம் கேட்கலாம். தான் சுட்டிக்காட்டிய பிழை அப்படியே திரும்பி வந்தால் அவர் என்ன எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையில் உள்ள நியாயமான திருத்தங்களை எல்லாம் செய்து, ஆர்க்கைவிலும் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, பிறகு அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள்.