கானமயிலும் மின்கம்பியும்

கேள்வி: ராஜஸ்தானில் மிஞ்சியிருக்கும் சுமார் 150 கானமயில்களுக்காகச் சூரிய மின்திட்டங்களுக்கு முட்டுக்கட்டை போடலாமா? நிலக்கரிப் புகையைக் குறைப்பதும் இயற்கையைக் காப்பதுதானே? (வாசகர், ஈரோடு)

பதில்: நிலக்கரியைக் குறைத்தே ஆக வேண்டும். அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. ஆனால் கானமயிலைக் காவு வாங்குவது, பெரும்பாலும் அந்த மின்சாரத்தை ஊருக்குள் கொண்டுவரும் உயரழுத்தக் கம்பி.

கானமயில் (Great Indian Bustard) என்பது மயில் அல்ல, புல்வெளியில் வாழும் பெரிய பறவை. அதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மீட்டர் உயரம்; ஆண் பறவை பத்துக் கிலோவைத் தாண்டும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், பறக்கும்போது நேரெதிரே இருப்பது சரியாகத் தெரியாது. தாழப் பறந்து வருகிற அந்தக் கனத்த உடம்பு, கம்பி தெரிந்த பிறகு சட்டென்று திரும்பாது. மோதினால் அவ்வளவுதான். வழக்கமாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறுந்தரையில். போன உயிரை எப்போது ஈடுகட்டுவது?

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இயன்ற இடங்களில் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்னது. அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் உத்தரவு தளர்ந்து, விஷயம் நிபுணர் குழுவிடம் போனது.

எனக்குக் கோபம் வருவது 'தரிசு' என்ற சொல்லைக் கேட்டால்தான். கானமயில் வாழும் புல்வெளிகளில் பெரும்பகுதி அரசு ஏட்டில் தரிசு. ஜெய்சல்மேர் பக்கத்து மக்களோ தெய்வத்துக்கென்று விட்ட நிலத்தை 'ஓரண்' என்கிறார்கள்; நம்மூர்க் கோயில்காடு மாதிரி. ஆடும் ஒட்டகமும் மேயும், மரத்தில் யாரும் கோடாரி வைக்க மாட்டார்கள். அங்கே மின்கோபுரம் நடாதீர்கள் என்று அந்த ஊர்க்காரர்களே போராடி வருகிறார்கள். அவர்களையும் வளர்ச்சிக்கு எதிரிகள் என்பீர்களா?

தமிழ்நாட்டிலும் ஒருகாலத்தில் கானமயில் இருந்தது. இன்று பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

இப்போது ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சம், ராம்தேவ்ரா என்ற இரண்டு இடங்களில் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். அருமையான வேலை. சரி, வளர்ந்த பறவைகளை எங்கே கொண்டுபோய் விடுவது? கம்பி குறுக்கே ஓடாத புல்வெளி கொஞ்சமாவது மிச்சம் வேண்டாமா? அடுத்த மின்பாதையைப் புல்வெளியிலிருந்து சற்று விலக்கிக் கொண்டுபோங்கள், முடியாத இடத்தில் மண்ணுக்குள் பதியுங்கள். கானமயிலுக்காகப் பேசுகிறவர்கள் இவ்வளவுதான் கேட்கிறார்கள்.