ஐந்து ரோட்டுக்கு எந்தச் சைக்கிள்?

கேள்வி: வயது 52. கனடாவில் வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே நகரின் நடுவில், ஹார்ன்பி தெருவில், கார்கள் நுழையாதபடி தடுப்பு வைத்துச் சைக்கிளுக்கென்றே பாதை விட்டிருக்கிறார்கள். மருமகனின் சைக்கிளில் தினமும் போய்வந்து பழகிவிட்டது. இங்கே சேலத்தில் அழகாபுரத்திலிருந்து கலெக்டர் அலுவலகம் பக்கம் வேலைக்குப் போக வேண்டும். வழியில் ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு வேலையும் அடிக்கடி இருக்கும். கடையில் 21 கியர், முன்பக்க சஸ்பென்ஷன், இரண்டு டிஸ்க் பிரேக், தடித்த டயர் உள்ள சைக்கிளைக் காட்டி, "நம் ஊர் ரோட்டுக்கு இதுதான் சார்" என்கிறார்கள். வீட்டிலோ, "இந்த வயதில், அந்த ரோட்டில் சைக்கிளா?" என்கிறார்கள். எதை வாங்கலாம்?
— வாசகர், அழகாபுரம்

பதில்: கடைக்காரர் காட்டியது மலைப்பாதையிலும் சேற்றிலும் ஓட்டுகிற சைக்கிளின் மலிவான நகல். பள்ளிக்கூடப் பையன்களின் கண்ணுக்கு அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விலையில் வருகிற சஸ்பென்ஷன் என்பது குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். எடை கூடும், எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் குடித்துவிடும். முள்முள்ளாக இருக்கும் தடித்த டயர் தார் ரோட்டில் இழுக்கும், சத்தம் போடும். 21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரங்களைப் பெருக்கி வருகிற கணக்கு; அவற்றில் பல ஏறக்குறைய ஒரே மிதியைத்தான் தரும். சாரதா கல்லூரி சாலை வழியாக அஸ்தம்பட்டி வந்து திரும்புகிற உங்களுக்கு ஏழு கியர் போதும். கியரே இல்லாத சைக்கிளிலும் போகலாம்.

நீங்கள் ஓட்டிய ஹார்ன்பி பாதை 2010 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒருவழித் தெருவின் ஒரு பக்கத்தில், போவதற்கும் வருவதற்குமாக இருவழிச் சைக்கிள் பாதை. பின்னால் வரும் காரைப் பற்றிய கவலையை அங்கே தடுப்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: தெருச்சந்திப்பு வந்தால் தடுப்பு முடிந்துவிடும். திரும்புகிற கார் சைக்கிளின் குறுக்கே வருவது அங்கேதான். அதனால்தான் சைக்கிளுக்குத் தனி சிக்னல் வைத்திருக்கிறார்கள். தடுப்பு கட்டிய ஊரிலேயே சந்திப்பில் கண்ணும் பிரேக்கும்தான் காவல் என்றால், நம் ஊரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பணத்தைக் கியரில் கொட்டாமல், பிறர் கண்ணுக்கு நீங்கள் தெரிவதற்கும் சட்டென்று நிற்பதற்கும் செலவழியுங்கள். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழே நுழையும்போது சுள்ளென்ற வெயிலிலிருந்து திடீரென்று நிழலுக்குள் போவீர்கள். பின்னால் வரும் ஓட்டுநரின் கண் அந்த இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் பிடிக்கும். பகலிலும் எரிகிற சிவப்பு விளக்கு பின்னால் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். முன்னால் வெள்ளை விளக்கு. வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடி. வான்கூவரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடின, இங்கே நாம் இடப்பக்கம் போவதால் நம்மைத் தாண்டுகிறவர்கள் வலப்பக்கம்தான் வருவார்கள். சாரதா கல்லூரி சாலையில் நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள். கதவு எந்த நொடியிலும் திறக்கும், கார் அகலத்தில் பாதியாவது தள்ளிப் போங்கள். நெரிசல் நேரத்தில் ஐந்து ரோட்டைக் கடக்க இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் கடக்கிறேன்.

இனி சைக்கிள். நிமிர்ந்து உட்கார்கிற ஹேண்டில்பார், வழவழப்பான நடுத்தர அகல டயர், இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்ட், பெல். இத்தனையும் இருந்தால் அது அலுவலகம் போகிற சைக்கிள். டிஸ்க் பிரேக் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தட்டு சற்று வளைந்துவிட்டால் தெருமுனைக் கடையில் சரிசெய்யத் தெரிந்தவர் கிடைப்பது சந்தேகம். ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்கின் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

கடையிலேயே சோதித்து விடுங்கள். சைக்கிளின் மேல் கால் போட்டு நின்றால் நடுக்குழாய்க்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கிறது என்றால் சீட்டு தாழ்வாக இருக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்கள் பலர் "சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த சீட்டுதான். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். ரிம் பிரேக் கட்டையில் விட்டுவிட்டு உரசினால், கோட்டம் எடுத்துத் தந்த பிறகு பணம் கொடுங்கள்.

பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் பத்தாயிரத்துக்கும் சைக்கிள் வாங்காதீர்கள். விளக்குகள், பூட்டு, ஹெல்மெட், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றுக்கு இரண்டாயிரமாவது ஒதுக்குங்கள். மெல்லிய கம்பிப் பூட்டு நல்ல கட்டரின் முன்னால் நூல்கண்டு. யு வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, சக்கரத்தை மட்டும் பூட்டாமல் ஃபிரேமையும் சேர்த்து ஏதாவது கம்பத்தோடு பூட்டுங்கள். ஹெல்மெட் போடாமல் சைக்கிள் ஓட்டினால் நம் ஊரில் சட்டம் ஒன்றும் கேட்காது. வான்கூவர் இருக்கும் மாகாணத்தில் 1996 முதல் அது கட்டாயம். மகளுக்குப் பயந்து அங்கே போட்டிருப்பீர்கள். அதே பயத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலை ஒட்டிய சைக்கிளைக் காட்டினால் இந்தத் தேதியை நினைவூட்டுங்கள். பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியில் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். குனிந்து பார்த்து அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சைக்கிள் திருட்டுப் போனால் போலீஸில் உங்களுடையது என்று காட்ட அதுதான் அடையாளம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு கடைக்கே கொண்டுபோங்கள். புதுச் சக்கரத்தில் கம்பிகள் தளரும், பிரேக் கேபிள் நீளும். அந்த முதல் சர்வீஸ் இலவசமா என்பதை வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சைக்கிள் "85 சதவீதம் பூட்டியது" என்று பெட்டியில் வந்தது. மீதியை நானும் தம்பியும் பூட்டினோம். ஹேண்டில் ஒரு மாதிரி ஆடுகிறது. பத்தாம் நாள் இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது. "நீங்களே பூட்டியதால் வாரண்டி கிடையாது" என்கிறார்கள்.
— வாசகி, சூரமங்கலம்

பதில்: முதலில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையைப் பாருங்கள். அதன் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் முன் பிரேக்கும் முன்புறம் பார்த்திருக்க வேண்டும். பின்னோக்கி இருந்தால் திருப்பிப் பூட்டியிருக்கிறீர்கள். வீட்டில் பூட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழை இது. எந்த மெக்கானிக்கும் சரிசெய்து விடுவார்.

பெடல் கதை வேறு. எல்லாத் திருகாணியும் வலப்பக்கம் திருகினால் இறுகும். சைக்கிளின் இடது பெடல் மட்டும் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். இது தெரியாமல் பலவந்தமாகத் திருகினால் கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் கையின், மரை போய்விடும். பெட்டியில் வந்த தாளில் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பழி உங்கள் பக்கம். இல்லாவிட்டால், மீதியை நீங்களே பூட்டுங்கள் என்று விற்றுவிட்டு எப்படிப் பூட்டுவது என்று சொல்லாதவரைக் கேள்வி கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. பெடல், கிராங்க், அந்தத் தாள் மூன்றையும் படம் எடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற சேலத்திலேயே புகார் தரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு கிராங்க் மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதற்காக ஆணையப் படியேறுவதா என்பது உங்கள் பிடிவாதத்தைப் பொறுத்தது. என் பிடிவாதம் என்றால் ஏறியிருப்பேன்.

கேள்வி: மின்சார சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டுமா?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: மோட்டார் மிதிக்கும்போது மட்டும் உதவுவதாகவும் 250 வாட்டுக்குக் குறைந்ததாகவும் இருக்க வேண்டும்; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அது தானாக நின்றுவிட வேண்டும். பிரேக்கும், ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டைகளும் இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் உரிமம், பதிவு எதுவும் வேண்டாம். "இந்த ஒயரை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும்" என்று கடைக்காரர் கண் சிமிட்டினால் வெளியே வந்துவிடுங்கள்; அந்த ஒயரை எடுத்த நொடியில் அது சைக்கிள் இல்லை, பதிவு செய்யாத மோட்டார் வண்டி.

கேள்வி: இதே சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகலாமா?
— கல்லூரி மாணவர், கன்னங்குறிச்சி

பதில்: அழகாபுரம் வாசகருக்கு நான் சொன்ன சைக்கிளில் போகாதீர்கள். ஊர் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் அந்த 21 கியருக்கு வேலை. முன்னால் மிகச் சிறிய பல்சக்கரம், பின்னால் மிகப் பெரியது. ஏறுவதில் மூச்சுதான் போகும். இறங்கும்போதுதான் ஆபத்து. பிரேக்கைப் பிடித்த பிடியிலேயே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன்னும் பின்னும் விட்டு விட்டுப் பிடியுங்கள், நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். மேலேறும் பஸ் வளைவில் ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஓரமாக நின்று அதற்கு வழி விடுங்கள். பையில் ஒரு ஜோடி பிரேக் கட்டை கூடுதலாக இருக்கட்டும். அடிவாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; ஞாயிற்றுக்கிழமை.