தேங்க்ஸ்கிவிங் வான்கோழி: கேள்வி-பதில்

தேங்க்ஸ்கிவிங் விருந்து நாளான நவம்பர் நான்காம் வியாழனை முன்னிட்டு அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் கேட்டவை. டிகிரி எல்லாம் பாரன்ஹீட். கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கீழே உள்ள பாதிப் பதில்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஃப்ரீசரில் 14 பவுண்டு வான்கோழி இருக்கிறது. எப்போது வெளியே எடுக்க வேண்டும்?

ஃபிரிட்ஜில் பனி இளக 4 பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். உங்களுடையதற்கு மூன்றரை நாள். உப்பு தடவி ஊறவைக்கவும் ஒரு நாள் வேண்டும் என்பதால் சனிக்கிழமை காலையே ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நீர் கசியும், அதனால் விளிம்புள்ள தட்டில் வையுங்கள். மறந்துவிட்டால் உறையோடு குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். பவுண்டுக்கு அரை மணி, ஆக 7 மணி நேரம். அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். கழுத்துப் பக்கமும் வயிற்றுக்குள்ளும் ஈரல், கழுத்துத் துண்டு வைத்த பை இருக்கும். இரண்டு பக்கமும் கைவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு வருடமும் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடுகிறது. தொடையோ எலும்போரம் வேகாமல் நிற்கிறது. ஏன்?

நெஞ்சும் தொடையும் ஒரே பக்குவத்தில் வேகும் கறி அல்ல. நெஞ்சு 165 டிகிரியில் தயார். 175 தாண்டினால் சாறு வற்றி நார்நாராகப் பிரியும். தொடையில் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புத் திசுப் புரதம் அதிகம். 165-இல் பாதுகாப்பாகச் சாப்பிடலாம் என்றாலும் கடிக்க ரப்பர் போலத்தான் இருக்கும். 175 முதல் 180-இல்தான் அது இளகி மென்மையாகும். முழுப் பறவையை நெஞ்சு மேலே இருக்கும்படி வைத்தால் நிலைமை தலைகீழ். சீக்கிரம் வேகும் நெஞ்சு சூட்டுக்கு நேராக இருக்கிறது, தாமதமாக வேகும் தொடை மூட்டு அடியில் ஒளிந்துகொள்கிறது.

இதற்கு நாங்கள் சொல்லும் வழி, முதுகெலும்பை எடுத்துவிட்டு விரித்துச் சுடுவது. நெஞ்சு கீழே இருக்கும்படி கவிழ்த்து, பலமான சமையல் கத்தரியால் முதுகெலும்பின் இரு பக்கமும் வாலிலிருந்து கழுத்துவரை வெட்டுங்கள். திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்தினால் 'மளக்' என்று முறிந்து படுத்துவிடும். தொடைகள் இப்போது ஓரத்தில், சூடு நேராகப் படும் இடத்தில் இருக்கும். விளிம்புள்ள தட்டில் கம்பி வலை வைத்து, அதன்மேல் கோழி. அடியில் வெங்காயம், கேரட், ஒரு கப் தண்ணீர். இது இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பு புகைந்து வீடெங்கும் அலாரம் அடிக்கும். 425 டிகிரியில் 12 முதல் 14 பவுண்டுக்குச் சுமார் 80 முதல் 100 நிமிடம். நெஞ்சின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தி 160 காட்டியதும் வெளியே எடுங்கள். தெர்மாமீட்டரைக் குத்தியபடியே விட்டு, அரை மணி ஓய்வில் அது 165 தொடுவதை உறுதி செய்துகொள்ளுங்கள். தொடாவிட்டால் மறுபடி ஓவனுக்குள். முதுகெலும்பு கிரேவிக்கு.

முழுசாகத்தான் மேசைக்கு வர வேண்டுமென்றால் 325 டிகிரி, மூன்றிலிருந்து மூன்றே முக்கால் மணி நேரம். நெஞ்சு சிவந்ததும் அதன்மேல் மட்டும் ஃபாயில் மூடுங்கள். ஸ்டஃபிங்கை (வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை) உள்ளே அடைக்காமல் தனிப் பாத்திரத்தில் வேகவிடுங்கள். உள்ளே இருந்தால் அதுவும் 165 எட்டியாக வேண்டும், அதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும்.

உப்பு நீரில் ஊறவைப்பதா, வெறும் உப்பு தடவுவதா?

வெறும் உப்பு. 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பரல் பெரிதான உப்பு), தூள் உப்பென்றால் அதில் பாதி. தோலுக்கு அடியிலும் விரல்விட்டுத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒன்று முதல் மூன்று நாள் வைத்தால் தோல் காய்ந்து, சுடும்போது மொறுமொறுப்பாகும். உப்பு நீரில் ஊறியது எடை கூடும், ஆனால் கூடுவது பெரும்பாலும் தண்ணீர்தான். உப்புக் கரைசல் ஏற்றியது என்று லேபிளில் போட்டிருந்தால் எந்த உப்பும் வேண்டாம்.

மஞ்சள் போட்டுக் கழுவி, தயிர் மசாலா தடவிச் சுடலாமா?

கழுவ வேண்டாம். ஊரில் பழகிய கைக்கு இது மனம் ஒப்பாதுதான். ஆனால் தெறிக்கும் நீரோடு கிருமிகள் சிங்க் முழுக்கப் பரவும், 165 டிகிரி அவற்றைக் கொன்றுவிடும். காகிதத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். தயிர் மேலே தடவினால் தோல் மொறுமொறுக்காது. மிளகாய்த்தூளும் 425-இல் கருகிக் கசக்கும். இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சீரகத்தூள், உருகாத வெண்ணெய் கலந்து தோலுக்கு அடியில் பூசுங்கள். எந்த மசாலாவும் ஓர் இரவில் கறிக்குள் ஆழமாக இறங்காது. உப்பு மட்டுமே இறங்கும்.

கராஜில் வைத்து எண்ணெயில் பொரிக்கலாமா?

கராஜில் கூடவே கூடாது. வீட்டைவிட்டுத் தள்ளி, சமதரையில், கூரை இல்லாத இடத்தில் மட்டும். 12 பவுண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். பொரிப்பதற்கு முன்னரே வான்கோழியைப் பாத்திரத்தில் வைத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, கோழியை எடுத்துவிட்டு நீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே எண்ணெயின் அளவு. பின் பாத்திரத்தையும் கோழியையும் ஈரமின்றித் துடைக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு பனி இருந்தாலும், நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும், தீப்பிடிப்பது இப்படித்தான். எண்ணெய் 350 டிகிரி, பவுண்டுக்கு மூன்றரை நிமிடம். கோழியை எண்ணெய்க்குள் இறக்கும் நேரத்தில் பர்னரை அணைத்துவிட்டு, இறக்கியபின் மூட்டுங்கள். ரீஃபைண்ட் கடலை எண்ணெய்தான் சரி, செக்கெண்ணெய் அந்தச் சூட்டுக்கு முன்பே புகையும்.

ஸ்மோக்கரில் (கட்டைப் புகையில் வேகவைக்கும் அடுப்பில்) வைத்தால் தோல் ரப்பராகிறதே?

225 டிகிரியில் தோலின் கொழுப்பு உருகி வடியாது. 300-க்கு மேல் வையுங்கள். ஆப்பிள் அல்லது செர்ரிக் கட்டை போதும். எலும்போரம் கறி இளஞ்சிவப்பாக இருந்தால் பயம் வேண்டாம், புகையால் வரும் நிறம் அது. தெர்மாமீட்டர் சொல்வதையே நம்புங்கள்.

மிச்சக் கறி எத்தனை நாள் தாங்கும்?

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள். எலும்புகளை உடைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு வடிகட்டினால் ரசத்துக்கு அருமையான சாறு கிடைக்கும். ஸ்மோக்கரில் வைத்த எலும்பென்றால் பாதி மட்டும் போடுங்கள், இல்லையேல் புகை வாசமே மேலோங்கும்.